சல்லடையும் அடுப்பும்: கணித அறிவியல் சிறப்புப் பள்ளி என்றால் என்ன?

காவடிக்கு விரதம் இருந்த வாரம் அது. மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு தங்கை, கோவிலிலிருந்து திரும்பும் வழியில் என்னை நிறுத்திக் கேட்டாள். அவள் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் கிரேடு. "அண்ணே, நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவர். அகாடமிங்கிறாங்க, ஸ்டார் ஸ்கூல்ங்கிறாங்க, மேத்ஸ் சயன்ஸ் ஸ்கூல்ங்கிறாங்க. எல்லாம் ஒண்ணுதானா? ஒண்ணுதான்னா எதுக்கு மூணு பேரு?"

பாதி கிரியோலிலும் பாதி தமிழிலுமாக, நடுத்தெருவில் நின்றபடி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னது பதிலே இல்லை என்று பட்டது. சரியான பதிலை எழுதியே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மூன்றும் ஒன்றல்ல. கணித அறிவியல் சிறப்புப் பள்ளி என்று உலகத்தில் பல நாடுகள் நடத்துவது ஒருவகை மேல்நிலைப் பள்ளி. அந்தப் பாடங்களில் நாட்டமும் திறமையும் உள்ள பிள்ளைகளை அது தேடி எடுத்துக்கொள்ளும். எடுத்தபின், மற்றப் பள்ளிகளைவிட ஆழமாகவும் வேறு விதமாகவும் அந்தப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கும். ஆக அங்கே இரண்டு வேலை நடக்கிறது. பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது ஒன்று, எடுத்த பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம் என்பது இன்னொன்று. முதலாவது சல்லடை, இரண்டாவது அடுப்பு. மாவைச் சலிக்கச் சலிக்க நைசான மாவுதான் வரும், பணியாரம் வராது. மொரிசியஸ்காரர்களான நாம் சல்லடையில் கைதேர்ந்தவர்கள். அடுப்பைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை.

நம் ஊர்ச் சல்லடையின் கதை இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

என் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவர்களும் ஆரம்பப் பள்ளியின் முடிவில், 11 வயதுவாக்கில், சிபிஇ என்ற தேர்வை எழுதினோம். அதில் வாங்கும் இடத்தைப் பொறுத்துத்தான் கல்லூரி கிடைக்கும். க்யூர்பிப் ராயல் கல்லூரி, பெண் பிள்ளைகளுக்கு நம் ரோஸ் ஹில்லிலேயே குயின் எலிசபெத் கல்லூரி என்று சில பெயர்கள் எல்லா வீடுகளிலும் மந்திரம்போல ஓதப்படும். அவைதான் ஸ்டார் ஸ்கூல்கள். அந்தப் பெயரை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஊர் வைத்தது. அந்தத் தேர்வுக்காகவே மாலையில் லெசோன், சனிக்கிழமை லெசோன், விடுமுறையில் லெசோன். தமிழ்நாட்டுக்காரர்கள் டியூஷன் என்பதைத்தான் இங்கே லெசோன் என்கிறோம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு லெசோன் எடுத்துச் சம்பாதித்தவன்தான் நானும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சல்லடையோடு தனிக் கணக்கு ஒன்று உண்டு. தமிழ், இந்தி, உருது போன்ற மொழிகளில் பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு நாடாளுமன்றம் வரை போனது. 1995-இல் அதற்கான அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறவில்லை. பிரதமர் அனிருத் ஜக்நாத் அவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலைச் சந்தித்தார். மொரிசியஸ் தீவின் 60 இடங்களில் ஒன்றுகூட அவர் அணிக்குக் கிடைக்கவில்லை. 11 வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை எப்படிக் கூட்டுவது என்ற கேள்வி ஒரு நாட்டில் தேர்தலையே கொண்டுவந்தது என்றால், அந்தச் சல்லடை எவ்வளவு கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2000-களின் தொடக்கத்தில் தரவரிசையை எடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஏ ப்ளஸ் என்ற உச்சத் தரத்தின் வேடத்தில் அதுவே திரும்பி வந்தது. ஒருவழியாகச் சிபிஇ போய், 2017-இல் அதன் இடத்துக்குப் பிஎஸ்ஏசி என்ற தேர்வு வந்தது. ஒன்பதாண்டுத் தொடர்கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வட்டாரப் பள்ளியிலேயே ஏழாம் கிரேடில் சேர்ந்தார்கள். ஒன்பதாம் கிரேடு முடிவில் என்சிஇ தேர்வு. அதில் மேலே வந்தவர்களுக்குப் பத்தாம் கிரேடு முதல் அகாடமி. 2021-இல் இப்படி 12 அகாடமிகள் தொடங்கின. பழைய ஸ்டார் ஸ்கூல்கள் சிலவே புதுப் பலகை மாட்டிக்கொண்டன. ஆண், பெண் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினார்கள். அரசு மாறினால் இங்கே திட்டமும் மாறும், பெயரும் மாறும். அதனால் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றுதான் தங்கையிடமும் சொன்னேன். 11 வயதில் பிடித்த சல்லடையை 14, 15 வயதில் பிடித்தார்கள், அவ்வளவுதான். அது நல்ல மாற்றம். ஆனால் அதனால் மட்டும் ஒரு பள்ளி கணித அறிவியல் சிறப்புப் பள்ளி ஆகிவிடாது. சலித்தபின் அந்த வகுப்பறையில் நடப்பது அதே பாடத்திட்டம், பதினொன்றாம், பதின்மூன்றாம் கிரேடுகளின் முடிவில் அதே கேம்பிரிட்ஜ் எஸ்சி, எச்எஸ்சி தேர்வுகள்.

மற்ற நாடுகளிலும் சல்லடை உண்டு. ஆனால் எல்லாருடைய சல்லடைக்கும் ஒரே கண் இல்லை. நியூயார்க்கில் பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 1938-இல் தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் ஆங்கிலமும் கணக்கும் கலந்த ஒரே ஒரு தேர்வு எழுதவேண்டும். அதன் மதிப்பெண் மட்டும்தான் வாசற்சாவி. 1971-இல் மாநிலச் சட்டமே அப்படி எழுதிவிட்டது. நம் சிபிஇக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம்.

இதற்கு நேர் எதிரானது சைபீரியாவில், நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் விஞ்ஞானிகள் கட்டிய ஊரில் 1963-இல் தொடங்கிய பள்ளி. முதலில் கணக்குகளைச் செய்தித்தாளில் போட்டார்கள். எந்த மூலைக் கிராமத்துப் பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து, நாள் கணக்கில் யோசித்து, விடையைத் தபாலில் அனுப்பலாம். அதில் தேறியவர்களுக்கு வட்டாரத்தில் நேரடிப் போட்டி. அதிலும் தேறியவர்களைக் கோடைவிடுமுறையில் ஓரிடத்துக்கு வரவழைத்து, பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கவனித்தார்கள். யார் வேகமாக முடிக்கிறான் என்பதைவிட, புதிதாக ஒன்றைச் சொன்னால் யார் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறான் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். லெசோன் வைத்துத் தயார்செய்ய முடிகிற விஷயமா அது?

அதே 1963-இல் மாஸ்கோவில் ஆந்த்ரே கல்மகோரவ் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்ட மேதை அவர். 60 வயதில் பள்ளிக்கூடம் நடத்த இறங்கினார். மாஸ்கோ பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே வெளியூர்ப் பிள்ளைகளைத் தேடித்தான் இந்தப் பள்ளி. அவரே வந்து பாடம் எடுப்பார், பிள்ளைகளோடு காட்டுக்கு நடைபோவார், இசைத்தட்டு போட்டுக் கேட்க வைப்பார். முதல் ஆண்டு மாணவர்களில் யூரி மத்தியசேவிச் ஒருவர். 1900-இல் ஜெர்மன் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் உலகத்தின்முன் வைத்த கேள்விகளில் பத்தாவதற்கு 1970-இல் கடைசி ஆணியை அறைந்தவர் அவர். அப்போது வயது 22.

இனி அடுப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மாஸ்கோவின் சில கணிதப் பள்ளிகளில் நிக்கலாய் கன்ஸ்தந்தீனவ் என்ற ஆசிரியர் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. கரும்பலகையில் பாடம் நடத்துவது அதில் குறைவு. பிள்ளைக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். தாளில் சில வரையறைகள், அவற்றின் கீழ் வரிசையாகக் கணக்குகள். ஒன்றைப் போட்டால் அடுத்ததற்கு வழி திறக்கும். பிள்ளை ஒவ்வொரு கணக்கையும் தானே யோசித்து முடித்து, வகுப்பில் இருக்கும் ஆசிரியர் ஒருவரிடம் போய் வாயால் விளக்கவேண்டும். அவர் குறுக்கே கேட்பார்: "இது ஏன்? எப்போதும் இப்படித்தான் ஆகுமா?" பதிலில் ஓட்டை இருந்தால் திரும்பிப் போய் யோசி. ஒரு வகுப்பில் இப்படிக் கேட்க நாலைந்து பேர் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருவார்கள், பலர் அதே பள்ளியில் படித்துப் போனவர்கள். தாள் முழுவதையும் முடித்தால், ஒரு கணிதக் கிளையின் அடிப்படைத் தேற்றங்களைப் பிள்ளை தானே கட்டியெழுப்பியிருக்கும்.

எப்படிப்பட்ட கணக்கு என்று கேட்கலாம். தாளில் வரக்கூடிய எளிய கணக்கு ஒன்றை நம் ஊருக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். சிலர் சிலரோடு கைகுலுக்குகிறார்கள், சிலர் குலுக்கவில்லை. விருந்து முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் "எத்தனை முறை கைகுலுக்கினீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஒற்றைப்படை எண் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். எத்தனை பேர் வந்தாலும், யார் யாரோடு குலுக்கினாலும் இது மாறாது. ஏன்?

வாய்பாடு எதுவும் வேண்டாம். ஒரு கைகுலுக்கலுக்கு இரண்டு கை. ஆகவே எல்லாரும் சொன்ன எண்களைக் கூட்டினால் மொத்தக் கைகுலுக்கல்போல இரண்டு மடங்கு, அதாவது இரட்டைப்படை. அந்தக் கூட்டலில் இரட்டைப்படை சொன்னவர்கள் தொந்தரவு செய்வதில்லை. ஒற்றைப்படை எண்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். மூன்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஒற்றைப்படை வரும், நான்கைக் கூட்டினால் இரட்டைப்படை வரும். மொத்தம் இரட்டைப்படையாக வரவேண்டுமானால், ஒற்றைப்படை சொன்னவர்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருந்தாக வேண்டும். முடிந்தது.

இந்தக் கணக்கை எச்எஸ்சி எழுதப்போகிற பிள்ளைகளிடம் நான் பலமுறை கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வகையீடும் தொகையீடும் பட்டாசாய்ப் போடுகிற பிள்ளைகள். முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? "சார், இது எந்த சாப்டர்?" பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. எந்த சாப்டர் என்று தெரிந்தால்தான் எந்தச் சூத்திரம் என்று தெரியும் என்று பழக்கியவர்களில் நானும் ஒருவன்தானே.

அறிவியலுக்கும் இதே கதைதான். விடை ஏற்கெனவே தெரிந்த பரிசோதனையைச் செய்து, வரவேண்டிய எண் வந்ததாக எழுதிக் கொடுப்பது ஒன்று. விடை யாருக்கும் தெரியாத சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓராண்டு அலைவது வேறு. சிங்கப்பூரில் 2005-இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய கணித அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வு ஒன்றைச் செய்து முடிப்பது கட்டாயம். அங்கே ஓ லெவல், ஏ லெவல் இரண்டுமே இல்லை. பள்ளியே தன் சான்றிதழைக் கொடுக்கிறது. சிங்கப்பூரும் நம்மைப்போல ஆங்கிலேயர் விட்டுப்போன தேர்வுகளைச் சுமக்கும் சின்னத் தீவுதான். ஆனால் இந்தப் பள்ளிக்குச் சுமையை இறக்கிவைத்தார்கள். கடைசித் தேர்வை யார் வைக்கிறாரோ, வகுப்பறை அவர் கையில் என்று புரிந்து செய்த காரியம் அது.

உடனே, "கேம்பிரிட்ஜ் தேர்வு இருக்கிறவரை நம்மால் ஒன்றும் ஆகாது" என்று கையை விரித்துவிட வேண்டாம். 2014-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு கணிதப் பள்ளி தொடங்கின. அந்தப் பிள்ளைகளும் ஏ லெவல்தான் எழுதுகிறார்கள். வயதும் நம் லோவர் சிக்ஸ், அப்பர் சிக்ஸ் வயதுதான். ஆனால் பாடத்துக்கு வெளியே கணக்கு பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், பல்கலைக்கழகம் பின்னால் நிற்கிறது. சேர்க்கும்போதும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் திறனறித் தேர்வும் நேர்காணலும் வைக்கிறார்கள்.

அடுப்பில் இன்னொரு விறகும் எரிகிறது: கூட இருக்கும் பிள்ளைகள். பிராங்ஸ் பள்ளியில் ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1950-இல் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள். 1979-இல் இருவரும் அப்துஸ் சலாமோடு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஒரு பள்ளியில் படித்துப் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கியவர்கள் மட்டும் ஏழு பேர். தன்னைப்போலவே பைத்தியம் பிடித்த இன்னொருவன் பக்கத்து மேசையில் இருந்தால், உணவு இடைவேளையிலும் கணக்கு ஓடும். வட்டாரப் பள்ளியில் தனியாக இருக்கும் அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தத் துணை கிடைக்காது. சிறப்புப் பள்ளிகளின் பக்கம் பேச என்னிடம் இருக்கிற வலுவான நியாயம் இதுதான்.

ஆனால் நோபல் கணக்கைக் காட்டி மயக்குகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி உள்ளே விட்டால், வெளியே வருகிறவர்களும் கெட்டிக்காரர்களாகத்தானே இருப்பார்கள்? பள்ளி எதைக் கூட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வின் வெட்டுக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண்ணில் உள்ளே போன பிள்ளையும் ஒரு மதிப்பெண்ணில் வெளியே நின்ற பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே தராதரம். அன்றைக்குக் காலையில் ஒருவனுக்குச் சளி பிடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இப்படிக் கோட்டின் இரு பக்கமும் நின்ற பிள்ளைகளைச் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், பள்ளியின் பங்கு தனியே தெரியும். பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளை இப்படி ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆய்வாளர்களில் ஒருவர் பின்னாளில், 2021-இல், நோபல் பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட். முடிவு பலருக்குக் கசந்தது. கோட்டின் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பிந்திய தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை வைத்து எல்லாச் சிறப்புப் பள்ளிகளும் வீண் என்று முடிவுகட்ட மாட்டேன். கோட்டுக்கு மிக மேலே இருக்கிற பிள்ளையைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பெண்ணில் தெரியாத பலன்களும் உண்டு. ஆனால் ஒரு மதிப்பெண்ணில் அகாடமி போயிற்று என்று பிள்ளையின் முன்னால் அழுகிற பெற்றோருக்கு இதைக் கட்டாயம் படித்துக் காட்டுவேன்.

சல்லடையே இல்லாமல் அடுப்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு, நம் பக்கத்திலேயே. தென்னாப்பிரிக்காவில் 2001-இல் தினலேடி என்ற திட்டம் 102 பள்ளிகளில் தொடங்கியது. நிறவெறி ஆட்சியில் கணக்கும் அறிவியலும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள் அந்தப் பாடங்களில் தேறவேண்டும் என்பது நோக்கம். அங்கே பிள்ளைகளைப் பொறுக்கவில்லை, பள்ளிகளைப் பொறுக்கி, புத்தகமும் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். தினலேடி என்றால் சோத்தோ மொழியில் நட்சத்திரங்கள். அவர்கள் ஊரிலும் ஸ்டார், நம் ஊரிலும் ஸ்டார். பொருள்தான் எவ்வளவு தூரம்!

பிலிப்பீன்சில் இன்னொரு விதம். அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கு நாடு முழுக்கப் போட்டித் தேர்வு, படிப்பு இலவசம், கைச்செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. பதிலுக்குக் கல்லூரியில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்பைத்தான் எடுப்போம் என்று ஒப்பந்தம். நம் லோரியாக்களை நினைத்துக்கொண்டேன். எச்எஸ்சியில் சயன்ஸ் பக்கம் முதலிடங்களைப் பிடித்து, தோளில் தூக்கி ஊர்வலம் வந்து, அரசு உதவித்தொகையில் கப்பலேறிய, இப்போது விமானமேறிய பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்து இங்கே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள்? திரும்பி வந்தால் உட்கார ஆய்வுக்கூடம் எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயம்தான். பள்ளியை மட்டும் கட்டி, அதற்குப் பின்னால் வரவேண்டியதைக் கட்டாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

தங்கைக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று பாக்கி. எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினாலும், போன ஆண்டு எத்தனை லோரியா என்று முதலில் கேட்காதே. ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் தாங்களே கைவைத்துச் செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார்களா என்று கேள். பாடத்தில் இல்லாத கணக்கை யோசிக்க வாரத்தில் ஒரு மணிநேரமாவது இருக்கிறதா என்று கேள். மாணவன் "ஏன்?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று அங்கே படிக்கிற பிள்ளையையே கேள். இந்த மூன்றும் இருந்தால், பலகையில் அகாடமி என்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குச் சரி.

அன்றைக்கு அவள் மகளிடம் கல்யாண வீட்டுக் கணக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தேன், விடையைச் சொல்லாமல். நான்கு நாள் கழித்து, லெசோனுக்குப் போகும் வழியில், வாசலில் நின்று கூப்பிட்டாள். விடை வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், சந்தேகம் ஒன்று வந்திருக்கிறதாம்.

"பெரியப்பா, யாரோடயும் கைகுலுக்காம ஒரு மூலையில உட்கார்ந்திருப்பாங்களே, அவங்களை எந்தப் பக்கம் போடணும்? பூஜ்யம் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?"

லெசோனுக்கு நேரமாகிறதே என்றேன். பரவாயில்லை என்று படியில் உட்கார்ந்துகொண்டாள்.